சுவருக்கு அந்தப் பக்கம் போகிற ரயில்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். கதவு முழுசாக மூடாமல் லிஃப்ட் ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது. அந்த வேலையின் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான் என்பார். அது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. பஸ் கதவு மூடாமல் புறப்பட்டால் அவருக்குக் கைகால் பதறும். பீரோ கதவு லேசாகத் திறந்திருந்தால் தூக்கம் வராது. வீட்டில் ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால்கூட, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பார். கல்யாணமான புதிதில் இந்த மனுஷனுக்கு ஏதோ பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பயமெல்லாம் இல்லை, தொழில்.

ஓய்வு பெற்ற மறுவாரமே முன்னறையில் ஒரு பெரிய பிளைவுட் பலகைக்குக் கால் வைத்து நிறுத்தினார். அதன் மேல் விரல் அகலத்தில் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டிகள், கறுப்பு என்ஜின் ஒன்று, சிவப்பு என்ஜின் ஒன்று. மேலே இவ்வளவு அழகு. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒயர்க் காடு. அவர் மனசு எப்போதும் அந்தக் காட்டில்தான். மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மணிக்கணக்காக ஒயர் உரித்துக்கொண்டிருப்பார். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் வலது பாதம் லேசாக ஆடும், அதற்கு ‘இதோ’ என்று அர்த்தம். பல வருஷமாக நான் பாதி நேரம் பேசியது அந்தப் பாதங்களோடுதான்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் அவர் தம்பி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கொழுந்தனாருக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பிளாஸ்டர் மாவில் அச்சு எடுத்து, பல்லை ஒவ்வொன்றாக உட்கார வைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். அதே வெள்ளை மாவைக் கொண்டு மலை செய்வார், குகை செய்வார், ஆற்றங்கரை செய்வார். ஒயரென்றால் அண்ணன், மலையென்றால் தம்பி. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நடுச்சுவரில் ஒரு செருப்புப் பெட்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்கள். போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். சுவரை உடைக்கிறார்களே என்று நானும் என் ஓரகத்தியும் தலையில் அடித்துக்கொண்டோம்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. ஆறு மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கும். அறை விளக்கைப் போட மாட்டார். ஸ்டேஷனில் கடுகு அளவு பல்புகள் மட்டும் எரியும். கறுப்பு என்ஜின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெதுவாக மலைக்குள் நுழையும், வளையும், காணாமல் போகும். பிறகு அது எங்கள் வீட்டில் இல்லை. வேறொரு வீட்டில், வேறொரு ஊரில் ஓடுகிற சத்தம் சுவருக்குள்ளிருந்து மெலிதாகக் கேட்கும். ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தில் நான் எங்கெங்கேயோ போய்விட்டு வருவேன். செத்துப்போன என் அம்மா ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரியெல்லாம் தோன்றும். அப்புறம் குகை வாயில் என்ஜின் விளக்கு தெரியும், நானும் திரும்பி வந்துவிடுவேன்.

கடைசிப் பெட்டி மேல்மூடி இல்லாத சரக்குப் பெட்டி. கொழுந்தனார் அதில் எதையாவது வைத்து அனுப்புவார். பெரும்பாலும் ஒரே ஒரு பல். என் வீட்டுக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, “கடவாய்ப்பல்லு” என்று சிரிப்பார். பல் வந்தால் தம்பி குஷியாக இருக்கிறார் என்று கணக்கு.

சண்டை ஒரு மூடியால் வந்தது. பல்லை ராவும்போது மாவுத் தூள் பறக்கும். அது ஓட்டை வழியாக வந்து அண்ணன் பக்கத்துத் தண்டவாளத்தில் படியக் கூடாதென்று கொழுந்தனார் தன் பக்கச் சுவரில் ஒரு மரமூடி வைத்தார். வேலை நேரத்தில் மூடுவார், ரயில் நேரத்தில் திறப்பார். ஒருநாள் அவர் திறக்கவில்லை, இவர் கேட்கவில்லை. சிவப்பு என்ஜின் முழு வேகத்தில் போய் மூடியில் மோதி மூக்கு உடைந்தது. “மூடினா சொல்ல மாட்டியா?” என்று இவர், “விடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்தா என்ன, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அவர். என்ஜினில் ஆரம்பித்தது எங்கெங்கோ போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தி யார் யாருக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கவில்லை என்பது வரை போனது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதன் மேல் ஒரே கோபம். அன்றோடு பேச்சு நின்றது.

என் வீட்டுக்காரர் அழவில்லை, கத்தவில்லை. பலகைக்கு அடியில் போய்ப் படுத்தார்.

“இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்ல. அவன் மூடினா ரயிலே தெரிஞ்சு திரும்பிக்கும். தொறந்தா தானாப் போகும்” என்றது பாதம்.

செய்தும் காட்டினார். குகைக்குச் சற்று முன்னால் தடம் இரண்டாகப் பிரியும்படி செய்தார். நேராகப் போனால் சுவர், வளைந்து போனால் மறுபடி நம் ஸ்டேஷன். பிரிகிற இடத்தில் ஊசி மாதிரி இரண்டு இரும்பு நாக்குகள். அவற்றை இப்படியும் அப்படியும் தள்ள, பலகைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். அவசரமே படாத மோட்டார் அது. மெல்ல முனகி, ஒரு விறைப்பான கம்பியை நகர்த்தி, நாக்கை ஒரு பக்கம் சாய்த்து அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டாருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்ல, பழைய லிஃப்ட் பெட்டியிலிருந்து கழற்றி வந்த ஒரு ரிலே. ரிலேக்குச் சேதி சொல்ல, அந்தப் பக்க மூடியில் ஒரு பட்டன். ஃபிரிட்ஜ் கதவை மூடினால் உள்ளே ஒரு பட்டன் அமுங்கி விளக்கு அணையுமே, அதே மாதிரிப் பட்டன். ஒரு பல்பும் வைத்தார். வழி இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

மேஜையில் வைத்துத்தான் சோதித்தார். பட்டனை விரலால் அமுக்கினார். ரிலே ‘டக்’கென்றது, நாக்கு நேரானது, பச்சை எரிந்தது. விரலை எடுத்தார். நாக்கு வளைந்தது, சிவப்பு. பத்துத் தடவை அமுக்கிப் பத்துத் தடவை எடுத்தார். “கச்சிதம்” என்றார். பட்டனையும் ஒயரையும் ஓட்டை வழியாகத் தள்ளினார். எங்கே முடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டு என் கையில் கொடுத்தார். நான் ஓரகத்தி கையில் கொடுத்தேன், அவள் உள்ளே கொடுத்தாள். சுவருக்குள் திருப்புளி சத்தம் கேட்டது. இவர் சொன்னபடியே அவர் முடுக்கிவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு எரிந்தது. ரயில் குகைக்கு முன்னால் தானாக வளைந்து நம் ஸ்டேஷனுக்கே வந்தது.

“பாத்தியா? என்னமா வேலை செய்யுது!” என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “மூடித்தான் வெச்சிருக்கான்.”

மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். மூன்று வருஷம் சிவப்பு. தினமும் ஆறு மணிக்குக் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி உட்காருவார், ஏதோ ஆபீஸ் மாதிரி. ரயில் வளையும். அவர் விளக்கைப் பார்ப்பார். ஒருநாளாவது பச்சை எரியாதா என்றுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டால், “தண்டவாளம் துருப்பிடிக்காம இருக்கணும்ல” என்பார். எனக்கு வயிறு எரியும். அந்தப் பக்கம் இருக்கிறவர்மேல்தான் எரியும். ஒரு மூடியைத் திறக்க இவ்வளவு வைராக்கியமா என்று.

நானும் ஓரகத்தியும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கொல்லைப் பக்கம் துணி உலர்த்தும்போது ஊர்க் கதையெல்லாம் பேசுவோம். ஆனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம், ரயில் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் நாங்களும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டிவரும், அப்புறம் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒருநாள் அவள், “இவரு ராவுற வேலையெல்லாம் கொல்லைக் கொட்டகைக்குக் கொண்டுபோயிட்டாருக்கா, மழையானாலும் அங்கதான்” என்றாள். இருமல் இருக்கிறதே, அதனால் இருக்கும் என்று நான் நினைத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். மகன் ஊருக்கே குடிபோகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வருகிறது. வீட்டை விற்கச் சொல்லியாகிவிட்டது. நான் வந்து கதவைச் சாத்திவிட்டு இவரிடம் சொன்னேன். பாதங்கள் ஆடவில்லை. “எப்போ?” என்று மட்டும் கேட்டார்.

“போய்ப் பேசிட்டு வாங்க. நீங்கதான் மூத்தவரு.”

“தொறக்காதவன்கிட்ட என்னத்தப் பேச?”

சனிக்கிழமை வந்தது. அந்தப் பக்கம் அலமாரி நகர்த்துகிற சத்தம், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். ஆறு மணிக்கு இவர் சட்டை மாற்றி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். கடைசி நாள், எப்படியும் சிவப்புதான், பார்த்துவிட்டுப் போய் அடுப்பைப் பார்ப்போம் என்று.

‘டக்.’

மூன்று வருஷமாக நான் கேட்காத சத்தம். பலகைக்கு அடியில் மோட்டார் தூக்கம் கலைந்தது மாதிரி முனகிற்று. நாக்கு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து நேரானது. பச்சை எரிந்தது.

அவர் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறுபத்தாறு வயசு ஆளுக்கு அப்படி ஒரு முகம் வரும் என்று நான் நினைத்ததில்லை. “தொறந்துட்டான்டி!” என்று என் கையைப் பிடித்தார். ரயிலை விடுகிற குமிழைத் திருப்பினார். கறுப்பு என்ஜின் புறப்பட்டது. இத்தனை நாள் வளைந்து போன இடத்தில் வளையாமல் நேராகப் போய், மலைக்குள் நுழைந்து, பெட்டி பெட்டியாகக் காணாமல் போனது.

டொம்மென்று ஒரு சத்தம்.

சரக்குப் பெட்டி மட்டும் குகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கரண்ட்டை நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது. “வேணும்னே பண்றான்! ரயில் வர்ற நேரம் பாத்துத் தொறந்து மூடுறான்! போறப்பக்கூட...” மலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டைக்குள் கையை விட்டார். மூடி இறுக மூடியிருந்தது.

கையை அங்கேயே வைத்திருந்தார். பார்வை மட்டும் விளக்குக்கு வந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

“மூடியிருக்கு” என்றார் மெதுவாக. “மூடியிருக்கு, பச்சை எரியுது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். “மூடினா பட்டன் அமுங்கும். அமுங்கினா போகலாம்னு குடுத்திருக்கேன். லிஃப்ட்டுல அப்படித்தானே? கதவு மூடினாத்தானே கெளம்பும்? கை பாட்டுக்கு அப்படியே குடுத்திருக்கு. பத்துத் தடவ அமுக்கிப் பாத்தேனே...”

“அப்போ, மூடினா பச்சைன்னா... செவப்புன்னா?”

“தொறந்திருக்கு.”

நான் கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை. “இத்தன நாளா செவப்புதானே எரிஞ்சுது?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் ஆயிரம் சாயங்காலம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததும், தூள் பறக்கக் கூடாதென்று மழையில் கொட்டகைக்குப் போனதும் அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. சிவப்பு எரிந்தபோதெல்லாம் நான் அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பலகைக்கு அடியில் போனார். ரிலேயில் இரண்டு திருகைத் தளர்த்தி, இரண்டு ஒயரை இடம் மாற்றி முடுக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மோட்டார் முனகியது, நாக்கு வளைந்தது, விளக்கு சிவப்பானது. இப்போதுதான் அது உண்மையைச் சொன்னது. என்ஜினை வெளியே இழுத்துத் தண்டவாளத்தில் உட்கார வைத்துவிட்டு, “நீ போய்த் தொறக்கச் சொல்றியா?” என்று கேட்டார்.

“மூணு வருஷம் தொறந்து வெச்ச மனுஷன்கிட்ட நான் போய்த் தொறன்னு சொல்லணுமா? அந்த ஒயர நானா மாத்திக் குடுத்தேன்? நீங்க போங்க.”

போனார். வாசல் கதவைச் சாத்தாமல் போனார். முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவை.

நான் மட்டும் அந்த அறையில். குமிழில் கை வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. திட்டுகிறாரா, முகத்தில் கதவைச் சாத்தினாரா, இரண்டு பேரும் சும்மா நிற்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. கடுகு பல்புகள் எரிகிற அந்தக் குட்டி ஊரில் நானும் யாரையோ வழியனுப்ப வந்தவள் போல நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது.

‘டக்.’ பச்சை.

குமிழைத் திருப்பினேன். மோதி மூக்கு நசுங்கிய கறுப்பு என்ஜின் குகைக்குள் போனது. சரக்குப் பெட்டியும் போனது. சத்தம் சுவருக்குள் நுழைந்து, சுவரைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சத்தமாக மாறியது. ஓட்டை வழியாக என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

“வருதுடா.”

அப்புறம் கொழுந்தனார் குரல், உடைந்துபோய், “லேட்டு அண்ணே. ரொம்ப லேட்டு.”

“என் தப்புடா. ஒயர மாத்திக் குடுத்துட்டேன்.”

“நீ இந்தப் பக்கம் ரயில விடவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியோன்னு நெனச்சேன். நாளைக்குக் காலி பண்றோமே, தொறந்து கெடந்தா உன் பக்கம் பூச்சி வருமேன்னுதான் இன்னிக்கு மூடினேன். மூடின கொஞ்ச நேரத்துல யாரோ தட்டுற சத்தம்.”

ஒன்றரை நிமிஷம் கழித்து என்ஜின் விளக்கு குகை வாயில் தெரிந்தது. சரக்குப் பெட்டியில் ஒரு பல் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கடவாய்ப்பல்.

பிறகு நானும் போய்ப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் அந்த அறையில் ஒரு முழு ஊரையே கட்டி வைத்திருந்தார். தெரு, கடை, மாடி வீடு, எல்லாம் வெள்ளை மாவில். பிளாட்பாரத்தில் நகம் உயரத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். எல்லோர் முகமும் குகையைப் பார்த்தபடி இருந்தது. உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு மடியில் பைகூட வைத்திருந்தார். அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து, பலகை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, ஒரே மூக்கோடு அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்காகப் பயணம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்தது, சாமான் ஏறிற்று, போனார்கள். அந்த ஊரை மட்டும் கொழுந்தனார் பெட்டியில் போடவில்லை. மூடியையும் மூடவில்லை. வீடு இன்னும் விலைபோகவில்லை.

தினமும் ஆறு மணிக்கு இவர் தலை சீவி உட்காருகிறார். பச்சை எரிகிறது. ரயில் யாருமில்லாத வீட்டுக்குள் போகிறது. அந்த நேரத்துக்குச் சரியாக போன் அடிக்கும். இவர் எடுத்து, அதைக் குகை வாயில் வைத்துப் பிடித்துக்கொள்வார்.

“வந்துருச்சா அண்ணே?” என்று போனுக்குள்ளிருந்து குரல் கேட்கும்.

“இருடா,” என்பார், “இப்பத்தான் உன் வீட்டுக்குப் போயிருக்கு.”